பெரியப்பாவின் பாட்டுமட்டைகள்

பாட்டுமட்டைகளை எனக்குச் சின்ன வயதிலேயே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்கிற ஆட்கள், நான் அவற்றின்மேல் உயிரையே வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பெரியம்மா அவை இருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும்.

பாட்டுமட்டை என்பது எங்கள் வீட்டுக்குள் வழங்கிய பெயர். கடையில் விற்கிற வாழ்த்து மட்டை மாதிரித்தான் இருக்கும், கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் படம்: பூங்கொத்து, பனி மூடிய மாதா கோயில், கழுத்தில் நாடா கட்டிய பூனைக்குட்டி. படத்தின்மேல் மினுங்குகிற மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் அந்தப் பிளாஸ்டிக்கில் இசைத்தட்டில் இருப்பதுபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். நடுவில் ஒரு ஓட்டை. றெக்கோட் பெட்டியில் வைத்து ஊசியை இறக்கினால் மட்டை சுற்றிச் சுற்றி ஒரு பாட்டுப் பாடி முடிக்கும்.

பெரியப்பா சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். போகிற துறைமுகங்களில் எங்கெல்லாம் இந்த மட்டைகளைக் கண்டாரோ அங்கெல்லாம் வாங்கி, இயேசு பிறந்த நத்தாருக்கும் பெரியம்மாவின் பிறந்தநாளுக்கும் அனுப்பியிருக்கிறார். மாம்புரிக்குக் கிட்ட, கடலுக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சாமானை வேறு யாரும் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா பெட்டியைத் தரையில் வைத்து, பட்டரி போட்டு, ஒவ்வொன்றாகப் பாட வைப்பா. எங்கள் வீடு அடுத்த வளவு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் சுற்றிவரக் குந்தியிருப்போம்.

மற்றப் பிள்ளைகளுக்கு அது அதிசயம். எனக்கு அந்த ஓட்டைதான் பிரச்சினை. படம் அச்சடித்தவர்கள் ஓட்டை எங்கே விழும் என்று யோசிக்கவே இல்லை. பூனைக்குட்டிக்கு மூக்கில் ஓட்டை. மாதாவும் பாலனும் இருந்த நத்தார் மட்டையில் ஓட்டை பாலனின் வயிற்றில். பெட்டியின் நடுவில் நிற்கிற இரும்புக் குச்சி அந்த வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு ஊசி மாதாவின் கன்னத்தில் ஏறி, கண்ணில் ஓடி, மூக்கைக் கடந்து, திரும்பவும் கன்னத்துக்கு வரும். கிர்ர் என்ற சத்தத்தோடு சுற்றும். எனக்குப் பல் கூசும். மாதாவின் முகத்தில் கோடு கோடாகத் தேய்ந்திருந்த இடத்தில் தூசு படிந்து, அது ஏதோ சொறி பிடித்த தோல் மாதிரி இருக்கும்.

அந்த மட்டைகள் மணக்கவும் செய்யும். பெரியம்மாவுக்குக் கடற்கரையில் சொந்தமாகக் கருவாட்டு வாடி இருந்தது. விடிந்தால் மீன் வெட்டி, உப்புப் போட்டு, பரணில் காயப்போடுகிற வேலை. எவ்வளவு சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் அவவின் விரல்களில் இருந்து அந்த மணம் போகாது. விரலில் இருந்தது மட்டைக்கு ஏறி, பனி மூடிய வெளிநாட்டுக் கோயில் கட்டாக் கருவாடாக மணந்தது. நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழும்பி ஓடிவிடுவேன். "இவளுக்கு எல்லாத்துக்கும் அரியண்டம்" என்று என் அருவருப்பைப் பார்த்துப் பெரியம்மா சிரிப்பா.

ஒரு மட்டை மட்டும் வேறு மாதிரி. அதில் பெரியப்பாவே கதைத்தார். கருங்கடல் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில், கரையோரம் சின்ன அறை ஒன்று இருந்ததாம். உள்ளே போய்க் குழாய் மாதிரி ஒன்றுக்கு முன்னால் நின்று கதைத்தால், அந்தக் குரலை அங்கேயே படமட்டையில் வெட்டிக் கையில் கொடுப்பார்களாம். றோஸ் நிறக் கடலும் இரண்டு மூன்று ஈச்சமரமும் போட்ட மட்டை அது. ஊசியை வைத்தால் முதலில் பொரிகிற சத்தம் வரும். பிறகு பெரியப்பா.

"நான்தான் கதைக்கிறன். கேக்குதா? சாப்பிட்டியா?"

கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். ரெலிபோனில் மறுமொழிக்கு நிற்கிற மாதிரி. அந்த இடைவெளியில் பெரியம்மா, முன்னால் நாங்கள் இருக்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லாமல், "ஓம், சாப்பிட்டன்" என்பா. அதற்குப் பிறகு அவர் கரைவலை இழுக்கிற பாட்டில் ஒரு துண்டைச் சுருதியே இல்லாமல் பாடுவார். பாதியில் இருமல் வந்துவிடும். நல்ல நீளமான, சளி இழுக்கிற இருமல். இருமி முடித்துவிட்டுச் சொல்லுவார்: "இஞ்ச எல்லாம் சவுக்கார மணம். உன்ட கருவாட்டு மணம் இல்லாம எனக்கு நித்திரை வருகுதில்ல." அதோடு மட்டை முடிந்துவிடும்.

சண்டைக் காலத்தில் பட்டரிக்கு அலைய வேண்டியிருந்தது, ஊசி கிடைக்கவே இல்லை. பெட்டி பழுதானது. பெரியப்பாவும் கப்பலை விட்டு வந்து, கொஞ்சக் காலம் வாடியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்துவிட்டு இறந்துபோனார். பெரியம்மா தகரத்துக்குள் பூச்சி உருண்டை போட்டு, அலுமாரியின் அடித்தட்டில் வைத்து மூடினா. எனக்கு நிம்மதியாக இருந்தது.

சண்டை முடிந்தபின் எங்கள் கரை மாறியது. கடலோடு சேர்ந்த களப்புத் தண்ணீருக்கு மேலே பெரிய பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் தண்ணீரில் சறுக்க வந்தார்கள். தென்னந்தோப்புகளுக்கு வேலி விழுந்தது, வேலிக்குள் ஹோட்டல் எழும்பியது. அப்படி எழும்பிய ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது, அறைகளின் துப்புரவுக்குப் பொறுப்பு. மற்றவர்களின் தலைமயிரைத் தண்ணீர் போகிற ஓட்டையில் இருந்து கொத்தாக இழுத்தெடுப்பது, வாந்தி எடுத்த விரிப்புகளை ஊறப்போடுவது. அரியண்டம் பார்க்கிற எனக்கு இந்த வேலை என்று வீட்டில் பகிடி பண்ணினார்கள். உண்மையில் அது என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கையுறை போட்டால் போதும். கையுறை போட்டும் தாங்காத அரியண்டம் ஹோட்டலின் முதலாளியிடம் இருந்துதான் வந்தது.

கொழும்பு ஆள். தலைமயிரைப் பின்னால் கட்டியிருப்பார், கழுத்தில் பொன் சங்கிலியில் ஒரு சிலுவை. பழைய சாமான் என்றால் பைத்தியம். உடைந்த வள்ளத்தின் அணியம், லாந்தர், வானொலிப் பெட்டி எல்லாம் வாங்கிவந்து சுவர்களில் தொங்கவிட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: விண்டேஜ். எங்கள் வீட்டில் அன்று காலைகூட மா இடித்த உலக்கை மாதிரி ஒன்று அவருடைய வரவேற்பறையில் விளக்குப் போட்டு நின்றது. குடிக்கிற இடத்தில் ஒரு றெக்கோட் பெட்டியும் இருந்தது, நன்றாகப் பாடும். ஒரு நாள் அவர் என்னிடம், "நங்கி, உங்கட ஊரில யாரிட்டயாவது பழைய றெக்கோட் இருக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி. பெரியம்மாவிடம் பாடுகிற வாழ்த்து மட்டைகள் இருக்கின்றன என்று சொன்னேன். அடுத்த நாளே ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வளவுக்குள் இறங்கியதும் கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார். பெரியம்மா கதிரையைத் துடைத்துக் கொடுத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தா. தகரத்தை எடுக்க அவ அறைக்குள் போன நேரம், அவர் கோப்பையைத் தூக்கி, ஒரு முறை மணந்து பார்த்து, அப்படியே குரோட்டன் செடியின் அடியில் ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். கண்ணைச் சிமிட்டினார். நானும் அவரும் ஒரு கட்சி என்பதுபோல. அந்தக் கண்சிமிட்டல் இப்போதும் நினைவுக்கு வந்தால் முகத்தைக் கழுவ வேண்டும் போல இருக்கும்.

பெரியம்மா வெறும் கோப்பையைக் கண்டு சந்தோஷப்பட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா மாத்தயா?" என்று கேட்டா.

மட்டைகளைக் கண்டதும் அவருடைய கைலேஞ்சி இறங்கிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். என்ன பாட்டு, யார் அனுப்பியது என்று ஒன்றும் கேட்கவில்லை. "ஷோக்... ஷோக்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது இப்ப பாடாது. எங்கட மெசின் பழுதாகிக் கனகாலம்" என்றா பெரியம்மா. அவவுக்குச் சிங்களம் நன்றாக வரும். சிலாபம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோய்ப் பழகியது.

"என்னட்ட மெசின் இருக்கு அம்மே. வாங்க, கேக்கலாம். எல்லாத்தையும் கொம்பியூட்டருக்கு ஏத்தி உங்களுக்குத் தாறன். பிறகு நீங்க எப்ப வேணுமெண்டாலும் கேக்கலாம், மட்டை தேயாது."

பெரியம்மா என்னைப் பார்த்தா. இத்தனை வருஷமும் அவ பெரியப்பாவின் குரலைக் கேட்கவில்லை. அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோயிலுக்கு உடுத்த சேலையோடேயே ஹோட்டலுக்கு வந்தா. வெளியாட்கள் யாரும் இல்லை. முதலாளி ஈச்சமர மட்டையை வைத்து ஊசியை இறக்கினார். "நான்தான் கதைக்கிறன். கேக்குதா? சாப்பிட்டியா?"

பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "ஓம்" என்றா.

முடிந்ததும் முதலாளி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். பெரியம்மா சின்னப் பெட்டை மாதிரி வெட்கப்பட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கருவாட்டு மணக் கதையைச் சிங்களத்தில் சொன்னா. அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவவும் சிரித்தா. இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நம்பி, தகரத்தை அப்படியே அவரிடம் விட்டுவிட்டு வந்தா.

அதற்குப் பிறகு நான் கேட்கிற போதெல்லாம், "சரி நங்கி, வாற கிழமை" என்பார். வாற கிழமை வந்துகொண்டேயிருந்தது.

பட்டக்காரரின் பருவம் முடிகிற நேரம் ஹோட்டலில் ஒரு விருந்து வைத்தார்கள். கடற்கரையில், பின்னேரம், வெயில் தணிந்தபின். தங்கியிருந்த வெள்ளைக்காரரும் முதலாளியின் கொழும்புச் சிநேகிதரும் ஒரு கூட்டம். பாட்டுப் போடக் கொழும்பிலிருந்து ஆள் கூப்பிட்டிருந்தார்கள். நான் துவாய்களை மடித்துத் தூக்கிக்கொண்டு அறைகளில் இருந்து வருகிறேன், ஒலிபெருக்கியில் பெரியப்பா கதைக்கிறார்.

"கேக்குதா? சாப்பிட்டியா?"

அவர் நின்ற அந்த இடைவெளியில் முழுக் கூட்டமும் கையைத் தூக்கி, "நோ...!" என்று கத்தியது. ஏற்கெனவே பழக்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் எந்த இடத்தில் கத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. பாட்டுத் துண்டு வந்தது. இருமல் வந்தது. பாட்டுப் போடுகிறவன் அந்த இருமலை மட்டும் பிடித்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதற்குக் கீழே தாளம் சேர்த்தான். பெரியப்பாவின் நெஞ்சுச் சளி மேளமாக அடித்தது. ஆட்கள் குதித்தார்கள். அரைகுறை உடுப்போடு, வேர்வையும் சாராயமும் ஒழுக, இருமிக்காட்டி இருமிக்காட்டி ஆடினார்கள். அவர் கடைசி நாட்களில் எங்கள் வாடியில் ஒரு தகரத்துக்குள் துப்பித் துப்பி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தகரத்தைக் கழுவி ஊற்றியது பெரியம்மா. அதைப் பார்த்தபோது வராத குமட்டல் இப்போது தொண்டைவரை வந்தது.

அப்போது முதலாளி மைக்கைப் பிடித்து இங்கிலீசில் விளங்கப்படுத்தினார். இந்த மனிதன் தன் மனைவிக்குக் காதல் சொல்கிறான், உன் கருவாட்டு நாற்றம் இல்லாமல் நித்திரை வரவில்லை என்கிறான். சொல்லிக்கொண்டே மறு கையால் ஒரு கருவாட்டை வாலில் பிடித்து, ஆட்களின் தலைக்கு மேலே சுழற்றினார். பெண்கள் கீச்சிட்டுக்கொண்டு மூக்கைப் பொத்தினார்கள். ஒருவன் அதைப் பறித்து நக்குவதுபோல நடித்தான். எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

நான் துவாய்களை மணலில் போட்டேன். கூட்டத்துக்குள் புகுந்து போய், றெக்கோட் பெட்டியின் கையைத் தூக்கி, மட்டையை எடுத்தேன். ஏதோ இனிப்புக் குடிவகை அதன்மேல் சிந்தி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அதில் இரண்டு எறும்பும் ஒட்டிக் கிடந்தன.

"ஏய் நங்கி, என்ன செய்றாய்?" முதலாளி மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

"விடுங்க. இது எங்கட பெரியப்பா."

"பார்ட்டிதானே, கோவிக்காத..."

இழுத்தார். நானும் விடவில்லை. மட்டை நடுவில், ஓட்டைக்குக் குறுக்காக, மடக்கென்று மடிந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் கையை எடுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அது இவளுடைய பெரியப்பாவாம்" என்று இங்கிலீசில் சொன்னார். கூட்டம் "ஓ..." என்றது, பூனைக்குட்டியைக் கண்டால் சொல்கிற மாதிரி. ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய ஈரத் தோலும் வெயிலுக்குப் பூசுகிற களிம்பும் என் கன்னத்தில் ஒட்டின. அவள் நல்ல மனத்தோடுதான் வந்திருப்பாள். எனக்கு அவளைத் தள்ளிவிடாமல் நிற்பதே பெரிய பாடாக இருந்தது.

குசினிக்குள் ஓடினேன். அங்கே சமையலுக்குப் பொறுப்பானவர் நின்றார், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன். தில்லையடி ஆள். மன்னாரில் இருந்து தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு, சின்னப் பிள்ளையாக உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். அதிகம் கதைக்கமாட்டார். நான் மட்டையைத் துணியால் துடைக்கப் பார்ப்பதைக் கண்டு, "தேய்க்காதீங்க தங்கச்சி, கோடு அழிஞ்சிரும்" என்றார். பிறகு, "மத்த மட்டையள் எங்க இருக்குதெண்டு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

பூப்படங்களைப் பலகையில் ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள். பூனைக்குட்டியும் பனிக்கோயிலும் ஐஸ் வாளிக்குக் கீழே கிடக்கின்றன. இதைச் சொல்லிவிட்டு அவர் சுத்தமாக இருந்த கையைத் திரும்பவும் கழுவினார்.

"இன்னொண்டு இருக்குது. சொல்லக் கூசுது. ஆம்பிளையள்ட கக்கூசில, நிண்டு பெய்யிற சுவரில. மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவங்கட படம். சரியா நேர ஒட்டி வச்சிருக்காங்க."

"மாதாவையா?"

"எங்களுக்கும் அவங்க பெரியவங்க தங்கச்சி. எடுங்க பொஸ் எண்டு சொல்லிப் பார்த்தன். இது கலை, உனக்கு விளங்காது எண்டார். அண்டையில இருந்து நான் அதுக்குள்ள போறதில்ல. தோப்புக்குத்தான் போறன்."

நான் வெளியே போய்த் தென்னைக்குக் கீழே வாந்தி எடுத்தேன்.

காலையில் பெரியம்மாவிடம் போகும்போது, விருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். மடிந்த மட்டையைக் கண்டபின் அவ விடவில்லை. வாடியில் நின்று சூரை வெட்டிக்கொண்டிருந்தா. கையில் கத்தி. முழுவதையும் கேட்டா. இருமலுக்கு ஆடியதைச் சொன்னபோது வெட்டுவதை நிறுத்தவில்லை. கருவாட்டைச் சுழற்றியதைச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. மாதா ஒட்டியிருந்த இடத்தைச் சொன்னதும் கத்தியைப் பலகையில் வைத்தா.

"எங்க எண்டாய்?"

திரும்பவும் சொன்னேன்.

கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டா. "உடுப்பையாவது மாத்திக்கொண்டு போவம்" என்றேன். "என்னத்துக்கு?" என்றா. மேலெல்லாம் மீன் செதிளும் இரத்தமுமாக, வெறுங்காலோடு, கடற்கரை வழியே நடந்தா. நான் பின்னால் ஓடினேன்.

ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு நேரம். பெரியம்மா மேசைகளுக்கு நடுவால் போனா. ஒருவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார், ஒருத்தி துடைப்புக் கடதாசியை மூக்கில் வைத்தாள். அவ ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே ஆண்களின் கக்கூசுக்குள் நுழைந்தா. உள்ளே இருந்து ஒரு நெட்டை மனிதன் காற்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். மூத்திர வாடை கண்ணில் எரிந்தது. சுவரில் மாதா, தெறித்துத் தெறித்துக் காய்ந்த மஞ்சள் கறையோடு. பாலனின் வயிற்று ஓட்டைக்குள் யாரோ சிகரெட் துண்டைச் செருகி வைத்திருந்தான்.

பெரியம்மா முதலில் அந்தச் சிகரெட் துண்டைப் பிடுங்கி எறிந்தா. பிறகு கத்தியின் நுனியைச் சுவருக்கும் மட்டைக்கும் நடுவில் விட்டு, மீனின் தோலை உரிக்கிற மாதிரி, கிழியாமல் மெல்ல மெல்லச் சுரண்டினா. அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"அம்மே, என்ன இது? ஆக்கள் சாப்பிடுற நேரம்..."

மட்டை சுவரை விட்டு வந்தது. பெரியம்மா திரும்பி அதை அவரிடம் நீட்டினா. "இந்தா, பிடி."

"சீ!" அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ வச்ச இடத்தில இருந்துதானே எடுத்தன். பிடி."

"கழுவிப்போட்டுக் கதைப்பம் அம்மே."

பெரியம்மா அவருடைய கழுத்துச் சிலுவையைக் கத்தி நுனியால் காட்டினா. தொடவில்லை, காட்டினா. "பெரிய வெள்ளிக்கு சிலுவையை முத்தி செய்வாய்தானே? அதே வாயால இதையும் முத்தி செய். செய்தா நான் பேசாமப் போறன். எல்லா மட்டையையும் நீயே வச்சிரு."

படத்தை அவருடைய முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனா. அவருக்கு ஓங்காளித்தது. வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவுகிற பேசினில் குனிந்தார். அவ அவர் சத்தி எடுத்து முடியும்வரை நின்று பார்த்தா. பிறகு தன் சேலைத் தலைப்பால் மாதாவின் முகத்தைத் துடைத்து, குனிந்து, தானே முத்தி செய்தா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பக்தி விளங்காமல் இல்லை. அந்த மஞ்சள் கறையும் அவவின் உதடும் ஒரே இடத்தில் இருந்ததை என் உடம்பு தாங்கவில்லை.

போகும்போது ஐஸ் வாளியின் கீழ் இருந்ததையும் பலகையில் இருந்ததையும் எடுத்துக்கொண்டோம். குசினி வாசலில் நின்ற நானா ஆணி பிடுங்குகிற குறட்டை என் கையில் தந்தார். அன்றோடு எனக்கு அந்த வேலை முடிந்தது. அவர்கள் நிறுத்தினார்களா, நானாக விட்டேனா என்று யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

மந்திரித்த படமோ சுரூபமோ கெட்டுப்போனால் எங்கள் ஆட்கள் குப்பையில் போடமாட்டார்கள், எரித்துவிடுவார்கள். பெரியம்மா மாதா மட்டையை அடுப்பில் போட்டா. அந்தப் பிளாஸ்டிக் சுருண்டு, கறுத்து, பச்சையாக எரிந்தது. அப்படி ஒரு நாற்றத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் மணந்ததில்லை. கருவாடு, மூத்திரம், பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து இரண்டு நாள் குசினியில் நின்றது. சோறு இறங்கவில்லை. ஈச்சமர மட்டை எந்தப் பெட்டியிலும் பிறகு ஓடவில்லை. தில்லையடியில் நானாவின் சொந்தக்காரர் வீட்டுப் பெட்டியிலும் போட்டுப் பார்த்தோம். மடிப்பில் ஊசி ஏறிக் குதித்து வெளியே விழுந்தது. கொம்பியூட்டருக்கு ஏற்றித் தருவதாகச் சொன்னது சும்மா சொன்ன கதை.

அவ்வளவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த கோயில் திருநாளில், சுற்றுப்பிரகாரம் முடிந்து நாங்கள் கடலைக்காரியிடம் நிற்கிறோம், ஒரு ஓட்டோவுக்குள் இருந்து அந்த இருமல் கேட்கிறது. தாளத்தோடு. விருந்தில் யாரோ பிடித்த படம் போனுக்குப் போன் பாய்ந்து ஊருக்கே வந்து சேர்ந்திருந்தது. எங்கள் பெடியள் அது யாருடைய குரல் என்று தெரியாமலேயே அதற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா கடலைச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டோவுக்குக் கிட்டப் போனா. ஓட்டோக்காரன் பயந்துபோய் நிறுத்திவிட்டான்.

"ஏன் நிப்பாட்டினாய்? போடு" என்றா.

அவன் போட்டான். "நான்தான் கதைக்கிறன்." பெரியம்மா ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் கத்தலும் சிரிப்பும் தாளமும் எல்லாம் முடியும்வரை கேட்டா. பிறகு என்னிடம் திரும்பினா.

"மகள், இதை என்ட போனுக்கு ஏத்தித் தா."

"இதையா? அவங்கள் சிரிக்கிற சத்தம் எல்லாம் இருக்குப் பெரியம்மா. கேக்கவே அரியண்டமா இருக்கு."

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அவர் கதைக்கிறார்தானே?"

ஏற்றிக் கொடுத்தேன். எப்படி மாட்டேன் என்பது? இப்போதும் வாடியில் வேலை செய்யும்போது போனைப் பரணில் சாய்த்து வைத்துப் போட்டுக் கேட்பா. அந்தச் சிரிப்புச் சத்தங்களில் எது முதலாளியுடையது என்று எனக்குத் தெரியும். பாதியில், இருமல் தொடங்குகிற இடத்தில், பல்லைக் காட்டிச் சிரிக்கிற அந்தக் குரல். கேட்டதும் எனக்கு வாயில் புளித்த தண்ணீர் ஊறும். உப்புச் சாக்கை எடுத்து வருகிறேன் என்று ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு தண்ணீர்க் கரைக்கு இறங்கிப் போய்விடுவேன். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகி வருகிறது. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கிறா. கரையில் நின்றாலும் கேட்கிறது.